பொருள் எண் ஒன்று

அந்த வீட்டில் கரண்டிக்குக்கூட எண் உண்டு. சாதாரணக் கரண்டி ச-41. ஓட்டைக் கரண்டி ச-42. வளைந்துபோன கரண்டி ச-43. அதற்கு எதிரே 'குறிப்பு' என்ற கட்டத்தில், 'வாங்கும்போது வளைவு இல்லை' என்று எழுதியிருக்கும். யார் வளைத்தது என்பதையும் எழுதத்தான் இருந்தார். மனைவி பேனாவைப் பிடுங்கிக்கொண்டதால் அந்த வரலாறு மட்டும் உலகத்துக்குக் கிடைக்காமல் போய்விட்டது.

எழுதியவர் ஒரு பம்பு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். முதலாளி முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் 'ஸ்டாக் சார்'. ஒரு வாஷர் வேண்டும் என்று யாராவது வந்து நின்றால், "இருக்கான்னு பாக்கணும்" என்பார். வாஷர் நிறைந்த டப்பா அவர் முழங்கையில் இடித்துக்கொண்டிருக்கும். இருந்தாலும் நோட்டைப் பிரித்து, விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, அதில் இருந்தால்தான் டப்பாவில் இருப்பதாக ஒப்புக்கொள்வார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், நோட்டில் எழுதியிருப்பதே மெய் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் உறுப்பினர் அவர் ஒருவர்தான்.

ஓய்வு பெற்ற அன்று பதினோராயிரத்துச் சொச்சம் பொருள்களை எண்ணி ஒப்படைத்தார். ஒரே ஒரு போல்ட் கூடுதலாக இருந்தது. குறைந்திருந்தால் எவனோ எடுத்துப் போயிருப்பான் என்று மனம் ஆறியிருக்கும். கூடுதலாக ஒன்று எங்கிருந்து முளைத்தது என்ற கவலையில் மனிதருக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. எட்டாம் நாள் காலையில் கடைக்குப் போய் மூன்று நீள நோட்டுகள் வாங்கிவந்து சமையலறை வாசலில் நின்றார். அந்த நிற்பைப் பார்த்ததுமே மனைவி அடுப்பைத் தணித்தாள்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எது எங்க இருக்குன்னு தெரியாம நீங்கல்லாம் திண்டாடக் கூடாது. வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அணை போடணும்."

"எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். தெரியாதவரு இந்த வீட்டுல ஒருத்தர்தான்."

அவர் காதில் விழவில்லை. விழுந்தாலும் அதை எழுத நோட்டில் கட்டம் இல்லை.

நான்கு மாதம் அணை கட்டினார். படுக்கையறை, சமையலறை, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பொந்து, எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் எண், எப்போது வாங்கியது, எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று தனித்தனிக் கட்டம். பொருளை இடம் மாற்றினால் 'இடமாற்றச் சீட்டு' எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம். மாவுச் சல்லடையை மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு மாற்றியதற்காக, இருபத்தெட்டு வருஷம் ஓட்டல் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து எத்தனையோ முசுடுகளைச் சமாளித்த அந்த அம்மாளிடம் விளக்கம் கேட்கப்பட்டது. அவள் ஒரு சீட்டை எடுத்து அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்தாள். 'பொருள்: நான். இருந்த இடம்: சமையலறை. போகும் இடம்: என் தங்கச்சி வீடு. திரும்பும் தேதி: பிறகு தெரிவிக்கப்படும்.' மூன்று நாள் கழித்துத்தான் திரும்பி வந்தாள். அந்தச் சீட்டையும் துளை போட்டுக் கோப்பில் சேர்த்து வைத்திருந்தார்.

திண்டாடக் கூடாது என்று ஊருக்குச் சொன்ன காரணம் ஒன்று. உள்ளே இருந்த காரணம் வேறு. அது முன் அறையில், அறையை அடைத்துக்கொண்டு நின்றது.

ஆறடி நீளம், மூன்றேகால் அடி அகலம், எட்டு இழுப்பறை வைத்த மேசை. அவருடைய அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அப்பாவுக்கு இரண்டு பையன்கள். பெரியவனைத் தனியாகக் கூப்பிட்டு, "மேசை உனக்குத்தான்டா" என்றார். சின்னவனையும் தனியாகக் கூப்பிட்டு அதையே சொன்னார். இரண்டு தடவையும் சாட்சி இல்லை, எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. பெற்றவர்கள் இப்படித்தான், பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து வேட்டு வைத்துவிட்டுப் போவார்கள். அப்பா போன மூன்றாம் நாள் சின்னவர், அதாவது நம் ஸ்டாக் சார், ஒரு தள்ளுவண்டியும் நான்கு ஆட்களுமாகப் போய் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். முந்தியவர் கையில் மேசை. அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தினார். பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அப்போது இந்த வீடு பாதி கட்டிய நிலையில் இருந்தது. கதவுநிலை வைப்பதற்கு முன்பே மேசையை உள்ளே இறக்கிவிட்டார். அண்ணன் ஆள் வைத்துத் தூக்கிப் போய்விட்டால் என்ன செய்வது? யோசித்தார். தச்சரைக் கூப்பிட்டு, மூன்றடி வாசலை இரண்டேகால் அடியாக்கச் சொன்னார். ஜன்னல் கம்பிகளைச் சுவரோடு சேர்த்துப் பூசச் சொன்னார்.

"சார், நாளப்பின்ன மேசைய வெளிய எடுக்கணும்னா?" என்று தச்சர் கேட்டார்.

"எடுக்கக் கூடாதுன்னுதானே செய்யச் சொல்றேன்."

தச்சர் அளவெடுத்தார். பைத்தியக்காரர்கள் வீட்டிலும் வேலை செய்தால்தானே பிழைப்பு ஓடும். அன்றிலிருந்து அந்த வீட்டில் சற்றுப் பருமனான விருந்தாளிகள் பக்கவாட்டில் நுழைகிறார்கள். நுழைந்தவர்கள் மேசையைச் சுற்றி, வேலைக்கு நேர்காணல் வந்தவர்கள் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாவது பிரசவத்துக்காக வந்த மகள், பக்கவாட்டிலும் நுழைய முடியாமல் கொல்லைக் கதவு வழியாக வந்தாள்; சமையலறைச் சந்தில் மேசை திரும்பாது என்று அதை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

ஆக, அவர் நோட்டு போட்டதற்கு உண்மையான காரணம் இதுதான். தன் மகளும் மகனும் நாளைக்கு ஒரு சட்டிக்காகவோ பெட்டிக்காகவோ பேசாமல் போய்விடக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கேலி செய்ய எனக்கும் மனம் வரவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே ஊரில், இரண்டு பஸ் மாறினால் போய்விடும் தூரத்தில், பத்தொன்பது வருஷம் யாரோ எவரோ என்று இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த நோயைத் தன்னோடு முடித்துக்கொள்ள நினைத்தார். மருந்துதான் கொஞ்சம் அதிகம், ஆயிரத்து நூற்றுப் பதினான்கு வரிசை.

ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. தலைப்பு: 'எனக்குப் பின் யாருக்கு'. அதை நிரப்பப் பிள்ளைகள் இருவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். ஒரே பொருளை இரண்டு பேரும் கேட்டால் குலுக்கிப் போடுவதற்கு ஒரு டப்பாவும், மடித்து வைத்த சீட்டுகளும் தயார். அடிதடி வந்தால் நிறுத்துவதற்கு, தொழிற்சாலையில் பிரிவு உபசாரத்தில் கொடுத்த விசிலும் சட்டைப் பையில் இருந்தது.

மகள் எலும்பு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுப்பவள். மகன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இரண்டு பேரும் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ச-1. மாவு அரைக்கிற மெஷின். நல்ல நிலை. யாருக்கு வேணும்?"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டார். ஆரம்பமே பலமான போட்டி என்று நினைத்தார், பாவம்.

"தம்பிக்குக் குடுங்கப்பா," என்றாள் மகள். "அவன் வீட்டுலதான் இல்ல."

"ஏன் இல்ல? இருக்கறதே இடுப்ப ஒடிக்குது. அக்காதான் மூத்தவ. அவளுக்குத்தான் நியாயமா சேரணும்."

"நியாயத்தப் பத்தி நீ பேசறியாடா? சின்ன வயசுல என் சைக்கிள எடுத்து ஓட்டினப்ப எங்க போச்சு இந்த நியாயம்?"

"அதுக்குப் பிராயச்சித்தமாத்தான் மெஷின விட்டுக்குடுக்கறேன். எடுத்துக்க."

அவர் சட்டைப் பையில் விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சண்டை வந்துவிட்டது, ஆனால் அவர் படித்திருந்த சண்டை இது இல்லை. எனக்கு எனக்கு என்று வருவதற்கு விதிமுறை எழுதி வைத்திருந்தார். உனக்கு உனக்கு என்று தள்ளுவதற்கு எந்தப் பக்கத்திலும் விதி இல்லை. ச-2க்கும் அப்படியே. ச-17க்கு வந்தபோது மகள், "அம்மா, இந்த ஓட்டை அண்டாவ எதுக்கு இன்னும் வெச்சிருக்கே?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். "ஓட்டைன்னு குறிப்புல எழுதியாச்சு, அதனால தூக்கிப் போடக் கூடாதாம்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பீரோ, கட்டில், கைப்பிடி போன மூன்று குடை, எல்லாம் அக்காவிடமிருந்து தம்பிக்கும் தம்பியிடமிருந்து அக்காவுக்கும் பந்து மாதிரி போய்வந்தன. கடைசியில் இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"அப்பா, தப்பா நினைக்காதீங்க," என்றாள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க ரெண்டு பேர் வீட்டுலயும் காலு வெக்க இடமில்ல. நீங்க இதையெல்லாம் நல்லா அனுபவிங்க, அது போதும்."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. பிள்ளைகள் அடித்துக்கொள்ளக் கூடாது என்று நான்கு மாதம் பாடுபட்டவர், அவர்கள் அடித்துக்கொள்ளவில்லை என்றதும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சமாவது அடித்துக்கொண்டிருக்கலாமே என்றுதான் அவருக்கு இருந்தது. ஒரு குக்கருக்காவது.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. மூன்றாம் நோட்டின் முதல் பக்கத்தில், அடிக்கோடு போட்டு, எழுத்து ஒன்றும் சேர்க்காமல் வெறும் '1' என்று மட்டும் எழுதியிருந்தார். குரலை இறக்கி, "பொருள் எண் ஒண்ணு," என்றார். "தாத்தாவோட மேசை."

மகன் எழுந்து மேசையைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். தொழில் புத்தி. "என் கட்டடத்து லிஃப்ட்டுல இது ஏறாதுப்பா. அக்கா கட்டடத்துலயும் ஏறாது. அது கிடக்கட்டும், மொதல்ல இந்த வாசலத் தாண்டணும்ல?"

"இழுப்பறைய மட்டும் கழட்டி எடுத்துக்கிட்டா செடி வெக்கலாம்," என்றாள் மகள்.

"செடியா?" அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இந்த மேசைக்காக உங்க பெரியப்பா பத்தொன்பது வருஷமா என்கூடப் பேசல, தெரியுமா? இந்த மேசைக்காக!"

சிரிப்பு நின்றது. சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றது. மகள் மேசையைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அவருக்கு அவ்வளவு ஆசைன்னா, அவர்கிட்டயே குடுத்துடுங்களேன்பா."

எத்தனையோ கோணத்தில் அளந்து பார்த்த மேசையை இந்தக் கோணத்தில் அவர் அளந்ததே இல்லை. திருதிருவென்று விழித்தார். மகன், "சுவத்துல ரெண்டடி இடிச்சா போதும்பா, அரை நாள் வேலை, நான் ஆள் கூட்டிட்டு வரேன்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அக்காவை பஸ் நிறுத்தத்தில் விடுவதற்காக வண்டிச் சாவியைத் தேடினான். சாவி எங்கே என்று நோட்டைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மாவைக் கேட்டார்கள். கிடைத்துவிட்டது.

இரண்டு நாள் ஸ்டாக் சார் இடித்து வைத்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காத ஆயிரத்து நூற்றுப் பதிமூன்று பொருள்களைப் பற்றிக்கூட அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. இந்த ஒன்றுக்காக ஒரு அண்ணனைக் கொடுத்திருக்கிறார். அதையும் செடி வைக்கத்தான் கேட்கிறார்கள். அண்ணன் அளவுக்கு அந்த மேசையை மதித்தவர்கள் இனி யாரும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றத் தோன்ற, அண்ணன் மேல் பாசம்கூட வந்தது. நல்ல பொருளின் அருமை தெரிந்த மனிதர்!

செவ்வாய்க்கிழமை காலை அந்த மேசை மேலேயே துணி கிளிப்புகளைக் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார். கொடியிலிருந்து ஒன்றிரண்டு விழுந்து தொலைந்திருக்கும் என்று சந்தேகம். எண்ணிக்கொண்டே சொன்னார்: "அண்ணனுக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அவங்க நம்பர் யார்கிட்டயாவது கிடைக்குமா?"

மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, தன் போனை எடுத்து, பார்க்காமலே ஒரு எண்ணைத் தட்டினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மாசத்துக்கு ரெண்டு தடவ அக்காகூடப் பேசறேன். நீங்க ரெண்டு பேரும் பேசலன்னா, நாங்க என்ன பாவம் பண்ணினோம்?" ஓரகத்தியை அவள் அக்கா என்றுதான் சொல்வாள்.

"அப்ப அண்ணன் மேசையப் பத்தி ஏதாவது சொல்லுவாரா?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "மேசைக்காகத்தான் பேசலன்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?"

"வேற எதுக்கு?"

"அந்த வருஷமே ஒரு தடவ சொல்ல வந்தேன். நீங்க வாசலுக்கு அளவெடுத்துக்கிட்டு இருந்தீங்க. இப்ப அவர் வாயாலயே கேளுங்க." போனை அவர் கையில் திணித்தாள். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"யாரு?"

குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. மற்றபடி அதே அதட்டல்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"நான்தாண்ணே. தம்பி."

போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தார். அறுபடவில்லை. மனிதர் கைவசம் தயாரித்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தார். மேசையை ஒப்படைத்துவிட எண்ணம். நிலை நன்றாக இருக்கிறது. எட்டு இழுப்பறையும் சுலபமாகத் திறக்கும். வாசல் சின்னது, சுவரை இடித்தாவது வெளியே எடுத்து, தன் பொறுப்பிலேயே கொண்டுவந்து சேர்த்துவிடுவார். எந்தக் கிழமை வசதிப்படும்?

"எந்த மேசை?" என்றார் அண்ணன்.

"அப்பா மேசை."

"அது இன்னும் இருக்கா?"

"இருக்குண்ணே! கீறல் இல்லாம வெச்சிருக்கேன்."

"அத வெச்சுக்கிட்டு நான் என்னடா பண்ண?"

"இல்ல... அதுக்காகத்தானே நீங்க என்கூட..."

"மேசைக்கா?" அண்ணன் கொஞ்ச நேரம் இருமினார். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. "மரத்துக்காகவா கூடப் பொறந்தவன்கிட்ட பேசாம இருப்பேன்? அப்படியாடா என்னை நெனச்சே?"

"பின்னே?"

"அப்பா ஆஸ்பத்திரில பதினோரு நாள் கெடந்தாரு. உன் பொண்டாட்டி தெனம் வந்தா. பிள்ளைங்க வந்துச்சுங்க. நான் தெனம் உன் ஸ்டோருக்கு போன் பண்ணினேன். என்ன சொன்னே? வருஷக் கடைசி, ஸ்டாக் எடுக்கறோம், எண்ணி முடிச்சதும் வரேன்னே. நானும் அவர்கிட்ட அதையே சொன்னேன். அவரும் நம்பினாரு. ஒவ்வொரு நாளும் கதவு தெறக்கற சத்தம் கேட்டா அந்தப் பக்கம் திரும்புவாரு. 'எண்ணி முடிச்சுட்டானா'ன்னு கேப்பாரு. கடைசி ரெண்டு நாளு வேற பேச்சே இல்ல. எண்ணி முடிச்சுட்டானா, எண்ணி முடிச்சுட்டானா. நீ வந்தே, எல்லாம் முடிஞ்சப்புறம். மூணாம் நாள் வண்டியோட வந்தே பாரு, அப்பதான் எனக்கு வெறுத்துப் போச்சு."

ஸ்டாக் சார் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வருஷக் கணக்கெடுப்பு அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வாஷர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் எண்ணியதிலேயே சுத்தமான கணக்கு அதுதான். மேலாளர் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் இதே மேசையின் இரண்டாவது இழுப்பறையில், கா-7 என்ற எண்ணோடு, மடிப்புக் கலையாமல் இருக்கிறது. தேதியும் போட்டிருக்கும். அந்தத் தேதியை அப்பா போன தேதியோடு சேர்த்துப் பார்க்க இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. இரண்டும் வேறு வேறு நோட்டு.

வேறு ஒருவர் நின்று எண்ணியிருந்தால் அந்தக் கணக்கெடுப்பு நடந்திருக்காதா? நடந்திருக்கும். தொழிற்சாலை மூடப்பட்டிருக்காது. வாஷர்கள் எங்கும் ஓடிப்போயிருக்காது. பஸ் பிடித்தால் அரை மணி நேரம். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவுதான் அப்பா கேட்டது. அதைக் கொடுக்காதவர், கேட்காத மேசையைச் சுவர் கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார். மனைவி அடுப்படிக்குப் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடா, பேச்சக் காணோம்?"

"அண்ணே." மேசையிலிருந்து கையை எடுத்தார். "நான் இப்ப அங்க வரட்டுமா?"

அந்தப் பக்கம் அண்ணி ஏதோ சொல்வதும், அண்ணன் அவளை அடக்குவதும் கேட்டன. பிறகு அண்ணன் கேட்டார்:

"எண்ணி முடிச்சுட்டியா?"

அவர் மேசை மேல் கிடந்த கிளிப்புகளைப் பார்த்தார். எண்ணியது ஒரு குவியல், எண்ணாதது ஒரு குவியல்.

"இல்லண்ணே," என்றார். "பாதியிலதான் இருக்கு. அப்படியே விட்டுட்டு வரேன்."